தசைநாண் காயமும் புதிய ஊசிமருந்தும்
(சங்கத்தின் ஆண்டு விழாவில் நிகழ்த்திய உரை)



இருப்புப்பாதையே இல்லாத இடுக்கி மாவட்டத்தில் இரயில்வே எழுத்தர் ஒருவரைப் பேச அழைத்திருக்கின்றீர்கள். அதுவும் மருத்துவப் பொருள் பற்றி! யாம் மெட்ரிகுலேஷன் மட்டுமே தேறியுள்ளோம், மருத்துவர் அல்லேம். ஆயினும் மலைக்குக் கீழே பார்சல் அலுவலகத்தில் அமர்ந்து, பொதிகளின் மேல் ஒட்டிய சீட்டைப் படித்துப் பதிவு செய்வது இருபது ஆண்டுகளாக எமது தொழில். யாம் இன்று சொல்லப்போவதும் ஒரு சீட்டைப் படித்ததில் தொடங்கியதே.

எம் தமையனார் மகன் கபடி வீரன். விளையாட்டு வீரர்க்குரிய ஒதுக்கீட்டில் இரயில்வேயில் வேலை பெறவேண்டும் என்பது அவன் கனவு. மறைப்பானேன், எமது கனவும் அதுவே. சென்ற பொங்கல் ஆட்டத்தில் அவனது குதிகாலுக்கு மேலுள்ள தசைநாண் பாதி கிழிந்தது. நம் மக்கள் இதனை 'நரம்பு பிசகிவிட்டது' என்பர். நரம்பு வேறு, தசைநாண் வேறு. தசையை எலும்போடு கட்டி நிற்கும் கயிறு இது. மூன்று திங்கள் கழிந்தும் பையன் நொண்டிக்கொண்டே இருந்தான்.

ஒருநாள் அஞ்சலில் சிறு பெட்டி ஒன்று வந்தது. உள்ளே கட்டைவிரல் அளவுக் கண்ணாடிக் குப்பியும் அதன் அடியில் சிறிது வெண்பொடியும் இருந்தன. "சித்தப்பா, இதைக் கரைத்துத் தோலுக்கடியில் ஊசியாகப் போட்டுக்கொண்டால் இரண்டு வாரத்தில் ஓடலாமாம்" என்றான். குப்பியின் மேல் 'பிபிசி-157' என்று பெரிய எழுத்தில் இருந்தது. அதன் கீழே, எறும்பு ஊர்ந்தாற்போல், 'ஆராய்ச்சிக்கு மட்டும். மனிதர் பயன்பாட்டிற்கு அன்று' என்று ஆங்கிலத்தில் அச்சிட்டிருந்தது. பெரிய எழுத்தைப் பையன் படித்தான். சிறிய எழுத்தை யாம் படித்தோம்.

இதற்குப் பணம் வந்த வழியைப் பிறகே அறிந்தோம். அண்ணியார் காதுத் தோட்டை அடகு வைத்திருந்தார். அவர் ஏலத்தோட்டத்தில் காயெடுப்பவர். ஏலச்செடியின் சரம் தூரடியில் நிலத்தோடு கிடப்பதை நீங்கள் அறிவீர்கள். குந்தியும் குனிந்தும் ஈரச் சரிவில் நாள் முழுதும் நகரவேண்டும். அவருடைய முழங்காலும் தேய்ந்துவிட்டது. "தம்பி, அவனுக்குச் சரியாகிவிட்டால் எனக்கும் ஒன்று வரவழைக்கலாமா?" என்று அவர் கேட்டபோது எமக்கு விடை கூற நா எழவில்லை. படித்தறிந்த பின் கூறுகிறோம் என்று குப்பியை வாங்கி வைத்துக்கொண்டோம்.

பெப்டைடு என்பது யாது? அமினோ அமிலங்களைச் சரக்கு வண்டிப் பெட்டிகளாக எண்ணிக்கொள்ளுங்கள். சில பெட்டிகள் கோத்த குறுகிய வண்டி பெப்டைடு. நூற்றுக்கணக்கில் கோத்த நெடிய வண்டி புரதம். பெப்டைடு என்றாலே ஏமாற்று என்று எண்ணவேண்டா. 1922 சனவரியில் கனடாவின் டொராண்டோ நகரில் முதன்முதலாக நோயாளிக்குச் செலுத்தப்பெற்ற இன்சுலின் 51 அமினோ அமிலங்கள் கொண்டது. அது காத்த உயிர்களுக்குக் கணக்கில்லை. எலும்பு மெலிந்தோர்க்கென அமெரிக்க அரசு 2002இல் ஒப்புதல் அளித்த டெரிபாரடைடு 34 கொண்டது. இவை மனிதரிடத்து முறையாகச் சோதிக்கப்பெற்ற பின்னரே மருந்துக்கடைக்கு வந்தன.

தசைநாண் எதனால் ஆனது என்பதைக் கூறினால் நம் நெஞ்சு நிமிரும். அது கொலாஜென் என்னும் புரதத்தால் ஆனது. அதன் அமைப்பை உலகுக்குக் காட்டியவர் எர்ணாகுளத்தில் பிறந்து சென்னைப் பல்கலைக்கழகத்தில் பணியாற்றிய ஜி. என். இராமச்சந்திரன். கோபிநாத் கர்த்தாவுடன் சேர்ந்து, கொலாஜென் முப்புரிக் கயிறு போன்றது என்று 1954இல் அவர் வெளியிட்டார். ஆய்வுக்கு உதவியது ஆஸ்திரேலியாவிலிருந்து வந்த கங்காருவின் வால் தசைநாண்! அந்தப் பொதியை எந்தப் பார்சல் எழுத்தர் பதிந்தாரோ என்று யாம் எண்ணி மகிழ்வதுண்டு.

அந்தக் கயிறு அறுந்தால் தசைபோல் விரைவில் கூடாது. அதற்குக் குருதி ஓட்டம் குறைவு. முதற் சில நாள் வீக்கம். பின்னர்ச் சில வாரங்களில் புது நார்கள் உருவாகும். அவை ஒழுங்கின்றி வைக்கோற்போர்போல் கிடக்கும். அளவான பாரம் ஏற ஏறத்தான் இழுக்கும் திசையில் வரிசைப்பட்டு உரம் பெறும். இதற்குப் பல திங்கள் ஆகும். சிலர்க்கு ஓராண்டும் ஆகும். முற்றிலும் படுத்திருப்பதும் தவறு, பதறி ஓடுவதும் தவறு.

இனிக் குப்பிக்கு வருவோம். பிபிசி-157 என்பது 15 அமினோ அமிலங்கள் கொண்டது. இரைப்பை நீரிலுள்ள புரதமொன்றின் பகுதி என்று கூறி, குரோவேசியா நாட்டின் சாக்ரெப் நகரில் சிகிரிச் என்னும் பேராசிரியர் குழுவினர் 1990களிலிருந்து ஆய்ந்து வருகின்றனர். எலியின் குதிகால் தசைநாணை அறுத்து இம்மருந்தைச் செலுத்தியபோது அது நன்கு கூடியதாக எழுதியுள்ளனர். அது பொய் என்று யாம் கூறவில்லை. ஆனால் எலி மூட்டை தூக்குவதில்லை, கபடியும் ஆடுவதில்லை. மனிதரிடத்து நடந்தவை மிகச் சில சிறு ஆய்வுகளே. 2015இல் பதிவு செய்யப்பெற்ற பாதுகாப்புச் சோதனை ஒன்றின் முடிவு வெளியிடப்பெறவே இல்லை. புதுக் குருதிக்குழாய்களை வளர்க்கும் என்று புகழ்கின்றனரே, அதே வளர்ச்சி உடலில் ஒளிந்திருக்கும் புற்றுக்கட்டிக்கும் தீனியாகுமோ என்னும் ஐயமும் தீர்க்கப்படவில்லை. 2023இல் அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு நிறுவனம், பாதுகாப்பு ஐயமுள்ள பொருள்களின் வரிசையில் இதனைச் சேர்த்தது.

அதற்கு முந்திய ஆண்டே, 2022இல், உலக ஊக்கமருந்துத் தடுப்பு அமைப்பு தன் தடைப்பட்டியலில் இதன் பெயரை எழுதிவிட்டது. எம் பையனுக்கு யாம் உரக்கப் படித்துக் காட்டியது இந்த வரியைத்தான். மீண்டும் கங்காரு நாட்டுக்கே செல்வோம். அங்கே எசண்டன் என்னும் கால்பந்துக் கழகத்தில் 2012ஆம் ஆண்டு ஆட்டக்காரர்க்கு ஊசிகள் போடப்பட்டன. அவற்றில் தைமோசின் பீட்டா-4 என்னும் வேறொரு பெப்டைடும் இருந்தது என்று முடிவு செய்த விளையாட்டு நடுவர் மன்றம், 2016 சனவரியில் 34 பேருக்கு ஈராண்டுத் தடை விதித்தது. போடுவது இன்னதென்று அறியாமல் கைநீட்டியவரும் தப்பவில்லை. அவர்களுக்காவது கழகம் இருந்தது. நம் பையனுக்கு வேலைக்கான விண்ணப்பம் ஒன்றே இருந்தது.

இரண்டு நாள் அவன் எம்முடன் பேசவில்லை. மூன்றாம் நாள் போடிமெட்டு வழியே ஜீப்பில் இறங்கி, தேனிப் பக்கத்து அரசு மருத்துவமனைக்கு அழைத்துச் சென்றோம். ஸ்கேன் பார்த்தனர். பாதிக் கிழிவு கூடிவருகிறது, அறுவை வேண்டா என்றனர். இயன்முறை மருத்துவர் அம்மையார், படிக்கட்டில் முன்னங்கால் ஊன்றிக் குதியை மெல்ல இறக்கி ஏற்றும் பயிற்சியைக் கற்பித்து, இத்தனை முறைதான் என்று கணக்கும் எழுதிக் கொடுத்தார். ஊசியை எதிர்பார்த்திருந்த பையனுக்குப் படிக்கட்டு கசந்தது. எனினும் செய்கிறான். இப்பொழுது மெல்ல ஓடுகிறான். களத்தில் இறங்க அம்மையார் இன்னும் இசையவில்லை.

அண்ணியாரையும் அடுத்த முறை அழைத்துச் சென்றோம். தொடைத் தசைக்கு வலுவூட்டும் பயிற்சியும், தாழ்ந்த முக்காலி இட்டு அமர்ந்து காயெடுக்கும்படி அறிவுரையும் கிடைத்தன. முக்காலி செய்தாயிற்று. சரிவில் அது நிற்கமாட்டேன் என்கிறது என்று நேற்றும் குறைப்பட்டார். ஒரு காலைக் குட்டையாக்கித் தருமாறு தச்சரிடம் சொல்லியிருக்கிறோம். தோடு இன்னும் மீளவில்லை.

குப்பி எம் வீட்டுத் தகரப்பெட்டியில் இருக்கிறது. திருப்பி அனுப்பலாம் என்று பெட்டியைப் புரட்டிப் பார்த்தோம். பெறுநர் முகவரி தெளிவாக இருந்தது; அனுப்புநர் முகவரி எழுதவேண்டிய இடத்தில் ஒன்றுமே இல்லை.