குதிகால் வலிக்குக் கைகொடுத்த பேரன்
(மூத்த உறுப்பினர்கள் கூட்டத்தில் பேசியது)

ஓய்வு பெற்ற பிறகு ஓட ஆரம்பித்தவன் நான். மும்பை மாரத்தானில் சீனியர் சிட்டிசன் ஓட்டத்துக்குப் பெயர் கொடுத்த வருஷம், காலையில் கட்டிலை விட்டு இறங்கினால் குதிகாலில் ஆணி ஏறினாற்போல் வலி. நாலு அடி நடந்தால் குறையும். பிளாண்டார் ஃபேசியைடிஸ் என்றார் டாக்டர். குதிகால் எலும்பிலிருந்து விரல்களின் அடிவரை ஓடும் தடித்த நார்ப்பட்டையில் வரும் கோளாறு அது. கெண்டைச்சதை இறுகினால் இழுப்பெல்லாம் அதன்மேல்தான்.

பிசியோதெரபிஸ்ட் சொல்லிக்கொடுத்ததைப் பேரன் செய்தான். நான் மல்லாந்து காலை நீட்டிப் படுப்பேன். குதிகாலை உள்ளங்கையில் ஏந்தி, முன்பாதத்தை என் பக்கம் மெதுவாகச் சாய்ப்பான். 6 விநாடி அவன் கையை எதிர்த்து லேசாக அழுத்திவிட்டுத் தளர்த்துவேன். அப்போது இன்னும் கொஞ்சம் சாயும். ஒரு நாள் உற்சாகத்தில் வெடுக்கென்று இழுத்துவிட்டான்; இரண்டு நாள் படியிறங்க முடியவில்லை. தப்பு என்னுடையது. "போதும்டா" என்று சொல்லக் கூச்சப்பட்டேன்.

உதவிக்கு ஆள் இல்லாதவர்கள், எழுந்து முதல் அடி வைக்குமுன் கால்மேல் கால் போட்டு, விரல்களைக் கையால் மேல்நோக்கி வளைத்து 10 எண்ணலாம். 10 முறை, தினம் 3 வேளை. வெறும் கெண்டைக்கால் நீட்டலைவிட இது மேல் என்று அமெரிக்காவில் டிஜியோவானி குழுவினர் 2003-ல் எழுதினார்கள்.

சர்க்கரையால் பாதம் மரத்தவர்கள் பிறரை இழுக்க விடாதீர்கள். எவ்வளவு இழுபடுகிறது என்று உங்களுக்கே தெரியாது. ஒரு கெண்டைக்கால் மட்டும் வீங்கிச் சூடாக இருந்தால் ரத்தக்கட்டியாக இருக்கலாம். நீவக்கூட வேண்டாம், உடனே டாக்டரிடம் போங்கள்.

அந்த ஜனவரியில் நான் ஓடவில்லை, வேடிக்கைதான் பார்த்தேன். வலி முழுக்கப் போக எட்டு மாதம் ஆயிற்று.