மூன்று தடவை வந்து பார்த்தவர்



அப்போது எனக்குப் பதின்மூன்று வயது. நாங்கள் நாலு பேர் எப்போதும் ஒன்றாகத்தான் திரிவோம். சுசீந்திரம் தேரோட்டத்துக்கு மற்ற மூன்று பேரும் சொல்லி வைத்துக்கொண்டு போய்விட்டார்கள். மறுநாள் வகுப்பில் மூன்று கைகளிலும் ஒரே நிறத்தில் புது வளையல். யாரும் என்னைத் திட்டவில்லை, அடிக்கவில்லை. வளையலைப் பார்த்த அந்த நிமிஷம் இத்தனை வருஷத்துக்குப் பிறகும் எனக்கு மறக்கவில்லை.

அன்று இரவு சாப்பிடாமல் படுத்துக்கொண்டேன். பாட்டி பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். "போனா போறாளுவ, உனக்கு ஏசு இருக்காரு" என்று அவள் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் எனக்குக் கோபம்தான் வந்திருக்கும். தலையைத் தடவிக்கொண்டே, "மக்ளே, கர்த்தருக்கே அப்படித்தான் நடந்துச்சு" என்றாள். பிறகு கெத்செமனே தோட்டத்துக் கதையைச் சொன்னாள்.

நமக்கெல்லாம் தெரிந்த கதைதான். ஆனாலும் அந்த ராத்திரியைக் கொஞ்சம் நிதானமாகப் பாருங்கள். ஏசுவுக்குச் சிலுவைச் சாவு நெருங்கிவிட்டது. பேதுரு, யாக்கோபு, யோவான் மூன்று பேரையும் தோட்டத்துக்குள் அழைத்துப் போகிறார். அவர்களிடம் வாளைக் கேட்கவில்லை, படையைக் கேட்கவில்லை. என்னோடு கொஞ்சநேரம் விழித்திருங்கள் என்கிற அளவில்தான் கேட்கிறார். தனியே போய் ஜெபித்துவிட்டுத் திரும்பினால் மூன்று பேரும் தூக்கம். மறுபடி போகிறார், மறுபடி வருகிறார். மூன்று தடவை! கடவுளின் குமாரன் என்று நாம் கும்பிடுகிறவர், துணைக்கு ஆள் விழித்திருக்கிறதா என்று மூன்று தடவை வந்து பார்த்திருக்கிறார். நட்பு வேண்டும் என்று ஏங்குவது பலவீனம் என்றால், அந்தப் பலவீனம் அவருக்கும் இருந்தது. எனக்குக் கிடைத்த ஆறுதல் இதுதான். அழக்கூடாது என்று அவர் என்னைத் தடுக்கவில்லை. அழுகிறவர்கள் பக்கத்தில் வந்து உட்கார அவருக்குத் தெரியும்.

பவுலும் அப்படியே. ரோமாபுரிச் சிறையிலிருந்து தீமோத்தேயுவுக்கு எழுதுகிறார். தேமா விட்டுப் போய்விட்டான், லூக்கா மட்டும் கூட இருக்கிறான். மழைக்குளிர் வருமுன்னே நீ வா, துரோவாவில் விட்டுவந்த மேலங்கியை எடுத்து வா என்று கேட்கிறார். எத்தனையோ சபைகளை உண்டாக்கியவர் குளிருக்கு ஒரு போர்வையும், பக்கத்தில் இருக்க ஒரு ஆளும் கேட்கிறார். கேட்பதற்கு அவர் வெட்கப்படவில்லை.

மேலங்கி என்றதும் நம் மயிலாடிக்காரர்களுக்கு ஒருவர் நினைவுக்கு வரவேண்டும்.

1770இல் சைலீசியாவில் பிறந்த மிஷனரி வில்லியம் தோபியாஸ் ரிங்கல்தௌபே, 1806இல் ஆரல்வாய்மொழிக் கணவாய் தாண்டித் தென்திருவிதாங்கூருக்கு வந்தார். அவரை இங்கே வரவைத்தவர் நம் ஊர் மகராசன் வேதமாணிக்கம். கோயில் வாசலுக்குக்கூட நெருங்கவிடாத சாதியில் பிறந்தவர் அவர். அமைதி தேடிச் சிதம்பரம் வரை நடந்தார், அங்கே அது கிடைக்கவில்லை. திரும்பும் வழியில் தஞ்சாவூரில் கோல்ஹாப் ஐயரின் பிரசங்கத்தைக் கேட்டார், ஞானஸ்நானம் பெற்றார். ஊருக்கு வந்தால் புது எதிர்ப்பு. முன்பு மேல்சாதி ஒதுக்கியது, இப்போது சொந்தபந்தமும் முகம் திருப்பியது. இரண்டு பக்கமும் வாசல் அடைத்த மனிதன் எங்கே போவான்? அவர் மயிலாடியில்தான் இருந்தார். தெரிந்துகொண்டதை வீட்டாருக்குச் சொல்லிக்கொண்டே இருந்தார்.

ரிங்கல்தௌபேயும் ஒட்டாத மனிதர்தான். தன் தேசத்து ஆட்களோடு அவருக்கு அதிகம் பழக்கமில்லை. கிடைத்த சம்பளத்தையும் ஏழைகளுக்குக் கொடுத்துவிடுவார். 1809இல் இங்கே கோயில் கட்டினார். பள்ளிக்கூடம் நடத்தினார். உடம்பு கெட்டு, 1816இல் கிளம்பிப் போனார். அந்தக் காலத்தில் அவரைச் சென்னையில் பார்த்தவர்கள், உடம்பில் சரியான ஒரு கோட்டு இல்லை, தலையில் நாட்டு வைக்கோல் தொப்பி என்று எழுதி வைத்திருக்கிறார்கள். அதை வாசிக்கும்போதெல்லாம் எனக்குத் தொண்டை அடைத்துக்கொள்ளும். ஒரு மேலங்கி கொண்டுவந்து தர, அவருக்கு ஒரு தீமோத்தேயு இல்லாமல் போனானே!

கப்பலேறியவர் எங்கே இறந்தார் என்று ஒருவருக்கும் தெரியாது. கல்லறை கிடையாது. உளிச் சத்தம் ஓயாத இந்த ஊரில், யார் யாருக்கோ சிலை செதுக்கி அனுப்புகிற இந்த ஊரில், அவருக்கு ஒரு கல் நட இடம் தெரியவில்லை.

போகும்போது சபையை வேதமாணிக்கத்தின் கையில் ஒப்படைத்துவிட்டுத்தான் போனார். ஊரால் தள்ளப்பட்டவரிடம், ஊரை விட்டு வந்தவர் கொடுத்தார். அடுத்த மிஷனரி மீட் ஐயர் வந்து சேரும்வரை அந்த ஆடுகளை மேய்த்தவர் வேதமாணிக்கம்தான்.

வளையல் இல்லாத கையோடு பின்னால் உட்கார்ந்திருக்கிற பிள்ளையே, கூட்டம் முடிந்ததும் நம் கோயில் பக்கம் ஒரு நடை போய் அதன் பெயரை வாசித்துப் பார். ரிங்கல்தௌபே வேதமாணிக்கம் நினைவு ஆலயம். ஒருவர் பெயருக்குப் பக்கத்திலேயே மற்றவர் பெயர்.