தந்தச் சிற்பமும் வெங்காயக் குடோனும்: ஸ்ரீரங்கம் பகுதிக் கூட்டத்தில் பேசியது

 

அஞ்சு நிமிஷம்தான் கொடுத்திருக்காங்க. நேரா விஷயத்துக்கு வர்றேன்.

நம்ம ரங்கநாதர் கோயிலுக்குள்ள இருக்கிற அருங்காட்சியகத்தை எத்தனை பேர் பார்த்திருக்கீங்க? கை தூக்குங்க... ஏழு பேர். பரவாயில்லை, நானே காலேஜ் முடிச்சப்புறம்தான் போனேன். அதுவும் வெளியூர் நண்பன் இழுத்துட்டுப் போனதால!

உள்ளே நாயக்கர் காலத் தந்தச் சிற்பங்கள் இருக்கு. 17-ஆம் நூற்றாண்டு. ராஜா, ராணி, நகை, ஆடை மடிப்பு வரைக்கும் செதுக்கியிருக்காங்க. செப்பேடுகளும் இருக்கு. இந்தக் கோயிலின் புனரமைப்புப் பணிக்கு 2017-ல் யுனெஸ்கோவின் ஆசிய-பசிபிக் விருது கிடைச்சது, ஞாபகம் இருக்கும்.

ஒரு அருங்காட்சியகத்தைப் புதுப்பிச்சுத் திறக்கிறோம்னா நமக்கு என்ன தோணுது? புது டைல்ஸ், எல்இடி லைட், ரிப்பன், கல்வெட்டுல பேரு. (யார் பேரு முதல்லங்கிற சண்டையில நம்ம கட்சியும் சேர்த்திதான்!) ஆனா தந்தத்துக்கு வேண்டியது வேற. அது காற்றில் உள்ள ஈரத்தை உறிஞ்சும், திரும்ப விடும். ஈரப்பதம் ஏறி இறங்கினா விரிசல் விழும். நமக்கு ஒரு பக்கம் காவிரி, மறுபக்கம் கொள்ளிடம். ஐப்பசி மழையும் சித்திரை வெயிலும் ஒண்ணா? பெட்டிக்குள்ள ஒரு சின்ன சென்சார் வெச்சா மாற்றம் உடனே தெரிஞ்சிடும். ஃபைனல் இயர் ப்ராஜெக்ட்ல வெங்காயக் குடோனுக்கு நாங்க இதைச் செஞ்சோம். வெங்காயத்துக்கு முடிஞ்சது தந்தத்துக்கு முடியாதா?

அடுத்தது போட்டோ. சிரிக்காதீங்க. கும்பகோணம் பக்கம் சுந்தரப்பெருமாள்கோவில் சௌந்தரராஜப் பெருமாள் கோயிலின் திருமங்கையாழ்வார் வெண்கலச் சிலை, ஆக்ஸ்போர்டு ஆஷ்மோலியன் அருங்காட்சியகத்துல இருந்தது. 1967-ல் ஏலத்துல வாங்கினாங்களாம். அது நம்ம சிலைதான்னு காட்டிக்கொடுத்தது எது? புதுச்சேரி பிரெஞ்சு நிறுவனத்துல இருந்த 1957-ஆம் வருஷத்து ஒரு போட்டோ! 2024 மார்ச்சில் பல்கலைக்கழகம் திருப்பித் தர ஒத்துக்கிட்டது. இங்கே மதில் கட்டினதா நாம கொண்டாடுற அதே ஆழ்வார்தான். அந்த போட்டோ மட்டும் இல்லேன்னா?

அதனால நம்ம கோரிக்கை மூணே மூணு. பெட்டிகளுக்கு ஈரப்பதக் கண்காணிப்பு. ஒவ்வொரு பொருளுக்கும் அளவோட போட்டோ எடுத்து, இணையத்துல பொதுமக்கள் பார்க்கிற பட்டியல். பள்ளிப் பிள்ளைங்க படிச்சாலே புரியுற தமிழ்ல விளக்கப் பலகை.

அறநிலையத்துறைக்கு மனு ரெடி. மேடைக்கு இடது பக்கம் தோழர்கள் நோட்டோட நிக்கிறாங்க, கையெழுத்துப் போட்டுட்டுப் போங்க. கை தூக்கின ஏழு பேரும் ஞாயிற்றுக்கிழமை என்கூட வாங்க, தூக்காதவங்க கண்டிப்பா வாங்க.