யூபிலி எக்காளமும் ஆலை வாசலும்

(பொன்விழாத் தொடக்க நாளன்று பங்கு மக்களுக்கு நிகழ்த்திய உரை)



பொன்விழா என்றதும் கொடியேற்றமும் தேர்ப்பவனியும் விருந்துமே நம் நினைவுக்கு வருகின்றன. ஆனால் லேவியர் ஆகமம் 25-ஆம் அதிகாரத்தைத் திறந்து பாருங்கள். 50-ஆம் ஆண்டில் எக்காளம் முழங்கியது விருந்துக்காக அல்ல. வறுமையினால் தன்னையே விற்றுவிட்டவன் பிள்ளைகளோடு விடுதலை பெற்றுத் தன் குடும்பத்திற்குத் திரும்புவதற்காகவே முழங்கியது. ஆகவே அடிமைத்தனத்தைப் பற்றிப் பேசாமல் நாம் யூபிலி கொண்டாடுவது முறையாகாது.

அது என்றோ ஒழிந்துவிட்டதே என்பீர்கள். சட்டத்தில் ஒழிந்தது உண்மைதான். நமது அரசியல் சாசனத்தின் 23-ஆம் பிரிவு மனித வணிகத்தையும் கட்டாய வேலையையும் தடை செய்கிறது. 1976-ஆம் ஆண்டின் கொத்தடிமை முறை ஒழிப்புச் சட்டம், முன்பணத்தைக் காட்டி ஒருவரைக் கட்டி வைப்பதைக் குற்றமாக்கி, அந்தக் கடனையும் ரத்துச் செய்தது. ஆயினும் 2021-ல் உலகில் 2 கோடியே 76 லட்சம் பேர் கட்டாய உழைப்பில் இருந்தனர் என்பது சர்வதேசத் தொழிலாளர் நிறுவனத்தின் மதிப்பீடு. இன்றைய அடிமையின் காலில் சங்கிலி இல்லை. பிடித்து வைத்த கூலியும் பூட்டிய வாசலுமே அவனுக்குச் சங்கிலி.

தூரதேசம் போக வேண்டாம். கோவை, திருப்பூர், ஈரோடு, திண்டுக்கல் வட்டாரங்களின் நூற்பு ஆலைகள் பலவற்றில் நடந்த சுமங்கலித் திட்டத்தை அறியாதவர் உண்டா? இளம்பெண் விடுதியில் தங்கி மூன்று ஆண்டுகள் உழைக்க வேண்டும். முடிவில் திருமணச் செலவுக்கு ஒரு தொகை மொத்தமாகக் கிடைக்கும் என்றார்கள். இடையில் நோயுற்று வீடு திரும்பியவள் பலவேளை அந்தத் தொகையை இழந்தாள். அது நன்கொடை அல்ல. மாதந்தோறும் அவளுக்குக் கொடுக்காமல் நிறுத்தி வைத்த கூலி.

இதில் நம் கையும் சுத்தமானதல்ல என்பதை மறைக்க விரும்பவில்லை. 2008-ஆம் ஆண்டு வேறொரு பங்கில் பணியாற்றிய காலத்தில், ஆலைக்கு ஆள் சேர்க்கும் ஏஜெண்டு ஒருவர் பங்கு இல்லத்திற்கு வந்தார். வயதைக் காட்ட ஞானஸ்நானச் சான்றிதழும், நன்னடத்தைக்கு ஒரு கடிதமும் கேட்டார். ஏழைப் பெண்களுக்கு நல்வழி பிறக்கிறதென மகிழ்ந்து கையெழுத்திட்டோம். ஒரு கேள்வியும் கேட்கவில்லை. இரண்டரை ஆண்டு கழிந்து ஒரு பெண் இருமலோடும் வெறுங்கையோடும் திரும்பினாள். அவளுடைய தாய் நம்மிடம் வந்து, "சாமி, நீங்க கையெழுத்துப் போட்டீங்களேன்னு நம்பித்தானே அனுப்பினேன்" என்றாள். ஆலை வாசலுக்குச் சென்றோம். சான்றிதழ் கிடைத்தது, பணம் கிடைக்கவில்லை. அந்தத் தாயின் சொல் இன்றும் நம் செவியில் ஒலிக்கிறது.

இத்தகைய ஆலைகளில் நூற்ற நூல் திருப்பூரில் பனியனாகிக் கடல் கடந்து சென்றது. 2011-ல் நெதர்லாந்து நாட்டு அமைப்புகள் இரண்டு இதனை ஆராய்ந்து வெளியிட்டன. 2015-ல் இங்கிலாந்து ஒரு சட்டம் இயற்றியது. அங்கு வியாபாரம் செய்து, ஆண்டுக்கு 3 கோடியே 60 லட்சம் பவுனுக்குக் குறையாத விற்றுமுதல் உள்ள ஒவ்வொரு கம்பெனியும், தன் வியாபாரத்திலும் தனக்குச் சரக்கு வரும் வழியிலும் அடிமைத்தனம் இல்லாதபடி என்ன செய்தது என்று ஆண்டுதோறும் அறிக்கை வெளியிட வேண்டும். இயக்குநர் ஒருவர் கையெழுத்திட வேண்டும். நல்ல ஏற்பாடே. ஆனால் எந்த நடவடிக்கையும் எடுக்கவில்லை என்று எழுதினாலும் அச்சட்டப்படி அது அறிக்கையே! மேலும், தைக்கும் இடம் வரை சோதிப்பவர்கள் நூற்கும் இடம் வரை வருவது அரிது.

நாம் கையெழுத்திட்ட கடிதமும் ஒரு வாக்குறுதிதானே? விசாரிக்காமல் இடும் கையெழுத்து, லண்டனில் இட்டாலும் பங்கு இல்லத்தில் இட்டாலும் ஏழையைக் காக்காது. வாக்குறுதி உண்மையா என்பதை அந்தப் பெண்ணிடம் கேட்டே அறியலாம்: மாதக் கூலி உன் கைக்கு வருகிறதா? உன் சான்றிதழ் உன்னிடம் இருக்கிறதா? வீட்டாரோடு தனிமையில் பேச முடிகிறதா? வேண்டாமென்றால் வாசல் திறக்குமா?

சூடான் நாட்டில் சிறுமியாய்க் கடத்தப்பட்டுப் பலமுறை விற்கப்பட்ட புனித ஜோசபின் பக்கித்தாவுக்கு, 1889-ல் இத்தாலியில் அந்த வாசல் திறந்தது. எஜமானியோடு திரும்பிப் போக மறுத்தார்; நீதிமன்றம் அவர் பக்கம் நின்றது. அவருடைய திருநாளான பிப்ரவரி 8, 2015 முதல் மனித வணிகத்திற்கு எதிரான செப நாளாகத் திருச்சபையில் அனுசரிக்கப்படுகிறது.

பெற்றோரே, ஏஜெண்டின் காகிதத்தில் ரேகை வைக்குமுன் இக்கேள்விகளைக் கேளுங்கள். பதில் வராமல் இப்பங்கு அலுவலகத்திலிருந்து இனி எந்தக் கடிதமும் போகாது. பிள்ளைகள் எங்கேனும் சிக்கியிருந்தால் 1098-க்குச் சொல்லுங்கள். கொத்தடிமைகளை மீட்கும் பொறுப்பு மாவட்ட ஆட்சியருடையது. தையற்கூடமும் செங்கல் சூளையும் வைத்திருப்போரே, வீட்டு வேலைக்கு ஆள் வைத்திருப்போரே, இதே கேள்விகளுக்கு நீங்களும் பதில் சொல்லுங்கள். நிறுத்தி வைத்த கூலி ஆண்டவரின் செவியை எட்டுகிறது என்று யாக்கோபு எச்சரித்தது நமக்கும் சேர்த்துத்தான்.

வீடு திரும்பும் ஒரு மகளின் காலடி ஓசையே நம் யூபிலியின் எக்காளமாகட்டும். இறையாசீர் உங்கள் அனைவரோடும் இருப்பதாக!