வந்தேறிய மக்களும் வாழ்வாதாரமும்: ஆரணியிலிருந்து ஒரு பார்வை

(ஜமாஅத் ஆண்டுப் பொதுக்குழுவில் ஆற்றப்பட்ட உரையின் எழுத்து வடிவம்)

 

ஆண்டறிக்கையும் வரவு செலவுக் கணக்கும் வாசிக்கப்பட்டுவிட்டன. கல்வி நிதி பற்றிய யோசனையை உங்கள் முன் வைப்பதற்கு முன்னர், அதன் பின்னணியை விளக்குமாறு நிர்வாகக் குழுவினர் நம்மைப் பணித்துள்ளனர்.

நம் மக்கள் பொருளாதாரத்தில் பின்தங்கியிருப்பது ஏன் என்னும் கேள்வி, நாலு பேர் கூடும் இடமெல்லாம் எழுகிறது. ஒரு சாரார் மார்க்கத்தின் மீது பழி சுமத்துகின்றனர். மற்றொரு சாரார் அரசாங்கத்தைக் குறை கூறிவிட்டு எழுந்து சென்றுவிடுகின்றனர். ஓர் ஊரைவிட்டு மற்றோர் ஊரில் குடியேறிய மக்கள் எதனால் உயர்ந்தார்கள், எதனால் தாழ்ந்தார்கள் என்று ஆராய்ந்தால் இவ்விரு விடைகளும் போதா என்பது புலனாகும். அவ்வாறு ஆராய்வதற்கு நெடுந்தொலைவு செல்ல வேண்டியதில்லை. நம் ஆரணியே போதும்.

ஆரணிக்கு வெளியிலிருந்து வந்தவர்கள் பலர். அவர்களுள் மூன்று வகையினரை இங்கே எடுத்துக்கொள்வோம்.

முதலாமவர் பட்டுநூல்காரர் என்று அழைக்கப்பட்ட சௌராஷ்டிர மக்கள். குஜராத் பகுதியிலிருந்து புறப்பட்டு, தக்காணம், விஜயநகரம் வழியாகத் தமிழகம் வந்தவர்கள். மதுரை, கும்பகோணம், சேலம், பரமக்குடி, வாலாஜாபேட்டை, ஆரணி ஆகிய ஊர்களில் தறி நாட்டி வாழ்ந்தவர்கள். இல்லத்திற்குள் சௌராஷ்டிர மொழியும் கடைத்தெருவில் தமிழும் பேசுபவர்கள். தியாகராஜ சுவாமிகளின் சீடர் வாலாஜாபேட்டை வேங்கடரமண பாகவதரும், பாடகர் டி.எம்.சௌந்தரராஜனும் இச்சமூகத்தைச் சேர்ந்தவர்களே. ஆரணியில் தறி நெய்வோர் இவர்கள் மட்டுமல்லர். பிற சமூகத்தாரும் நெய்கின்றனர். ஆயினும் வெளியிலிருந்து வந்து, கைத்தொழில் ஒன்றையே மூலதனமாகக் கொண்டு நிலைபெற்றவர்களுக்கு இவர்களே தக்க சான்று.

இரண்டாமவர் மராட்டியர். 17ஆம் நூற்றாண்டில் ஷாஜியிடமிருந்து ஆரணி ஜாகீரைப் பெற்ற வேதாஜி பாஸ்கர பந்த்தின் வழியினர் தலைமுறை தலைமுறையாக இப்பகுதியின் நிலவரியை ஆண்டனர். நாடு விடுதலையடைந்த பின்னர் ஜமீன், ஜாகீர் முறைகள் ஒழிக்கப்பட்டபோது அவ்வருவாயும் நின்றது. சத்திய விஜய நகரத்து மாளிகையை நீங்கள் அனைவரும் கண்டிருப்பீர்கள். அதைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை.

மூன்றாமவர் தக்காணத்து முஸ்லிம்கள். பீஜப்பூர், கோல்கொண்டா சுல்தான்களின் படைகளோடும், பின்னர் முகலாயப் படைகளோடும் இவ்வட்டாரத்திற்கு வந்தவர்கள். ஆர்க்காட்டு நவாபுகளின் ஆட்சியில் குதிரை வீரர்களாகவும், கோட்டைக் காவலர்களாகவும், பாரசீகத்தில் கணக்கெழுதும் முன்ஷிகளாகவும் பணிபுரிந்தவர்கள். நம் ஜமாஅத்தில் உருது பேசும் குடும்பங்கள் பலவற்றின் முன்னோர் இவ்வாறு வந்தவர்களே. தமிழ் பேசும் நம் குடும்பங்களின் வரலாறு வேறு. அதனைப் பிறகு கூறுவோம்.

இப்போது முதலாமவரையும் மூன்றாமவரையும் அருகருகே வைத்துப் பாருங்கள். வந்த காலத்தில் யார் உயர்ந்த நிலையில் இருந்தார்? ஐயமின்றிப் படைவீரரும் முன்ஷியும்தாம். நெசவாளர் அவருக்குத் துணி விற்றவர். பக்கத்து ஊரான வாலாஜாபேட்டை, நவாப் முகம்மது அலி வாலாஜாவின் பெயரைத் தாங்கி நிற்பதே அந்த அதிகாரத்துக்குச் சாட்சி. ஆனால் 1801இல் கர்நாடகத்தின் ஆட்சி முழுவதும் கிழக்கிந்தியக் கம்பெனியின் கைக்குச் சென்றது. நவாபுக்கு எஞ்சியவை பட்டமும் வருவாயில் ஒரு பங்கும். 1855இல் நவாப் குலாம் கௌஸ் கான் வாரிசின்றி மறைந்தபோது பட்டமும் போயிற்று. இடையில், 1837இல், பாரசீகம் அலுவல் மொழி என்னும் தகுதியை இழந்தது. ஆக, இரண்டு தலைமுறைக்குள் வாளுக்கும் வேலையில்லை, பேனாவுக்கும் வேலையில்லை. சம்பளம் கொடுத்தவர் மறைந்தார், சம்பளம் மறைந்தது. வடஆர்க்காட்டில் நம் மக்கள் ஜட்கா ஓட்டியதும், தையல் தைத்ததும், நம் தாய்மார்கள் முறத்தை மடியில் வைத்துப் பீடி சுற்றியதும் இதன் பின்விளைவுகளே.

நெசவாளருக்கு இந்நிலை நேரவில்லை. ஆட்சி மாறினாலும் திருமணங்கள் நிற்பதில்லை. திருமணத்திற்குப் பட்டு வேண்டும். 1751இல் கிளைவும், 1782இல் ஹைதர் அலியும் கூட்டும் இந்த ஆரணி மண்ணில் போரிட்டனர். போர் முடிந்ததும் பாவு மீண்டும் விரிக்கப்பட்டது. வாங்குபவர் ஒருவர் போனால் மற்றொருவர் வருவார் என்னும் நிலை, ஒரே எசமானை நம்பியிருப்பவருக்கு ஒருநாளும் வாய்ப்பதில்லை.

எனினும் தறி இருந்ததால் மட்டுமே அச்சமூகம் தப்பியது என்று முடிவு செய்தல் தவறாகும். பட்டு நெசவாளர் அனைவரும் செல்வர் அல்லர். பட்டும் சரிகையும் வாங்கிக் கொடுத்து நெய்விக்கும் முதலாளிக்கும், கூலிக்கு நெய்பவருக்கும் இடையேயுள்ள தூரம் நம் தெருக்களிலேயே தெரியும். கைத்தறிக்கென ரகங்களை ஒதுக்கி 1985இல் சட்டம் வந்த பின்னும் விசைத்தறியின் போட்டி நின்றபாடில்லை. ஆரணிப் பட்டு புவிசார் குறியீடு பெற்றது நமக்கெல்லாம் பெருமைதான். அதனால் கூலி உயர்ந்ததா என்பதை நெய்பவரைக் கேட்டால்தான் தெரியும்.

அவர்களைக் காத்தது மற்றொன்று. மதுரையில் சௌராஷ்டிர மக்கள் 1886இல் தமக்கெனப் பள்ளி தொடங்கினர். 1895இல் சபையைப் பதிவு செய்தனர். தறிகள் நன்றாக ஓடிக்கொண்டிருந்த காலம் அது. நெசவு சோறு போட்டுக்கொண்டிருந்தபோதே, நெசவல்லாத பிழைப்புக்கும் பிள்ளைகளை ஆயத்தம் செய்தனர். நம் பக்கத்திலோ, சம்பளம் நின்ற பிறகே பள்ளியைத் தேடினோம். அதுவும் ஆங்கிலப் பள்ளியா, வேண்டாமா என்னும் விவாதத்தில் மேலும் பல ஆண்டுகளைக் கழித்தோம். இவ்விரு சமூகங்களின் இன்றைய ஏற்றத்தாழ்வில் பெரும்பகுதி இந்தக் கால வேறுபாட்டினால் நேர்ந்தது என்பதே நம் கருத்து.

இதற்கொரு பழைய சான்றும் உண்டு. மத்தியப் பிரதேசத்து மந்தசோரில் 5ஆம் நூற்றாண்டுக் கல்வெட்டு ஒன்று உள்ளது. லாட தேசமாகிய தென் குஜராத்திலிருந்து அங்குக் குடியேறிய பட்டு நெசவாளர் குழு ஒன்று கதிரவன் கோயில் எழுப்பிய செய்தியை அது கூறுகிறது. குடியேறிய பின்னர் அவர்களில் சிலர் நெசவிலேயே நிலைத்தனராம். வேறு சிலர் வில்வித்தையிலும், சோதிடத்திலும், கதை சொல்வதிலும் தேர்ந்தனராம். நம்மூர் நெசவாளர் அவர்களின் வழியினரே என்று வாதிடுவோர் உண்டு. நமக்கு இங்கு வேண்டியது அதுவன்று. குலத்தொழிலைக் கைவிடாமலே புதிய தொழில்களுக்கும் ஆள் அனுப்பும் வழக்கம் இந்நாட்டில் ஆயிரத்து ஐந்நூறு ஆண்டுப் பழமையுடையது என்பதே வேண்டியது.

உலக அளவில் இதே வேறுபாட்டைக் காண விரும்புவோர் அமெரிக்காவில் குடியேறிய ஜப்பானியரையும், ஜெர்மனியில் குடியேறிய துருக்கியரையும் ஒப்பிடலாம்.

ஜப்பானியர் 1885 முதல் ஹவாய்த் தீவின் கரும்புத் தோட்டங்களுக்கு ஒப்பந்தக் கூலிகளாகச் சென்றனர். பின்னர் கலிபோர்னியாவில் காய்கறியும் பழமும் பயிரிட்டனர். வங்கிகள் கடன் தராத காலத்தில் ‘தானோமோஷி’ என்னும் முறையில் பணம் திரட்டினர். அது வேறொன்றுமில்லை, நம்மூர்ச் சீட்டுதான்! 1913இல் கலிபோர்னிய அரசு அவர்கள் நிலம் வாங்கக் கூடாதென்று சட்டமியற்றியது. அமெரிக்காவில் பிறந்ததால் குடியுரிமை பெற்ற தம் பிள்ளைகளின் பெயரில் வாங்கினர். 1942இல் போரைக் காரணம் காட்டி ஏறத்தாழ 1,20,000 பேர் முகாம்களில் அடைக்கப்பட்டனர். நிலமும் கடையும் அற்ப விலைக்குப் போயின. 1988இல்தான் அரசு மன்னிப்புக் கோரி, உயிருடன் இருந்தோருக்குத் தலைக்கு 20,000 டாலர் வழங்கியது. ஆனால் 1970ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பிலேயே அவர்களின் குடும்ப வருமானம் அமெரிக்கச் சராசரியைக் கடந்திருந்தது. சொத்து முழுவதையும் பறிகொடுத்தவர்களின் பிள்ளைகளிடம் எஞ்சியிருந்தது படிப்பு.

துருக்கியர் நிலை வேறு. 1961 அக்டோபர் 30 அன்று மேற்கு ஜெர்மனியுடன் செய்துகொண்ட ஒப்பந்தத்தின்படி அவர்கள் ‘விருந்தினர் தொழிலாளர்’ என்னும் பெயரில் சென்றனர். பெயர்தான் விருந்தினர், வேலை சுரங்கத்திலும் உருக்காலையிலும். கைத்தொழில் கற்றவர்கள் அவர்களில் கணிசமாக இருந்தும், பயிற்சி தேவைப்படாத வேலைகளிலேயே பலரும் அமர்த்தப்பட்டனர். சில ஆண்டுகளில் திரும்பிவிடுவோம் என்று அவர்களும் எண்ணினர். திரும்பிவிடுவார்கள் என்று அந்நாட்டாரும் எண்ணினர். ஆகவே மொழி கற்பிக்கவும் யாரும் முனையவில்லை, வீடு கட்டவும் யாரும் முனையவில்லை. 1973இல் ஆள் சேர்ப்பு நிறுத்தப்பட்டது. பின்னர்ச் சுரங்கங்களும் ஆலைகளும் மூடப்பட்டபோது முதலில் வேலையிழந்தவர்களில் இவர்களே மிகுதி. அங்கு ஏறத்தாழ பத்து வயதிலேயே பிள்ளைகளை மேற்படிப்புப் பள்ளிக்கும் சாதாரணப் பள்ளிக்கும் பிரித்துவிடுவர். துருக்கியப் பிள்ளைகளில் பெரும்பாலோர் பின்னதற்கே அனுப்பப்பட்டனர். 2000ஆம் ஆண்டு வரை ஜெர்மனியில் பிறந்த பிள்ளைக்குப் பிறப்பால் குடியுரிமையும் இல்லை.

கொரோனா தடுப்பூசியைக் கண்டறிந்த உகுர் சாஹின், கொலோன் நகரத்து மோட்டார் ஆலைத் தொழிலாளி ஒருவரின் மகன். நான்கு வயதில் ஜெர்மனி சென்றவர். அவரையும் சாதாரணப் பள்ளிக்கே அனுப்ப இருந்தனர். பக்கத்து வீட்டு ஜெர்மானியர் ஒருவர் தலையிட்டதால் மேற்படிப்புப் பள்ளிக்குச் சென்றார். அவ்வாறு தலையிட ஆளில்லாமல் போன பிள்ளைகள் எத்தனை பேரோ!

இவ்விரு சமூகங்களின் கால அளவு சமமன்று என்பதை நேர்மையாகச் சொல்ல வேண்டும். 1970இல் ஜப்பானியரின் மூன்றாம் தலைமுறை வளர்ந்துவிட்டது. துருக்கியரின் மூன்றாம் தலைமுறை இப்போதுதான் தலையெடுக்கிறது. எனவே ஓர் இனம் உழைக்கும், மற்றோர் இனம் உழைக்காது என்றெல்லாம் பேசுவது அறிவுடைமையாகாது.

மார்க்கம்தான் காரணம் என்பாருக்கு விடை நம் பழைய வடஆர்க்காட்டு மாவட்டத்திலேயே இருக்கிறது. ஆம்பூர், வாணியம்பாடி, மேல்விஷாரம், பேரணாம்பட்டு ஊர்களின் தமிழ் பேசும் முஸ்லிம்கள், பிறர் தொடத் தயங்கிய தோல் வணிகத்தைக் கையிலெடுத்தனர். ஆவாரம்பட்டையில் பதனிட்ட தோலைச் சென்னைப் பெரியமேட்டுக்கும் அங்கிருந்து இலண்டனுக்கும் அனுப்பினர். அந்த இலாபத்திலிருந்து 1919இல் வாணியம்பாடியில் இஸ்லாமியாக் கல்லூரி எழுந்தது. தோல் வணிகர் அப்துல் ஹக்கீம் சாகிபின் பெயரால் 1965இல் மேல்விஷாரத்தில் கல்லூரி அமைந்தது. அத்தொழிலால் பாலாறு பட்ட பாட்டை நாம் மறைக்க வேண்டியதில்லை. 1996இல் உச்ச நீதிமன்றமே கண்டித்துத் தீர்ப்பளித்தது. ஆயினும் தொழில் செழித்திருந்தபோதே கல்லூரி கட்டியதால், ஆலைகள் சில மூடப்பட்ட பின்னும் அக்குடும்பங்களின் பிள்ளைகள் தடுமாறவில்லை. அதே மார்க்கம், அதே மாவட்டம். விளைவு மட்டும் வேறு.

இனி நம் வீட்டுக்கு வருவோம். 1970களின் எண்ணெய் விலை உயர்வுக்குப் பின்னர் நம் பிள்ளைகள் வளைகுடா செல்லத் தொடங்கினர். அந்தப் பணத்தில் வீடுகள் எழுந்தன, குமர்கள் கரையேறின. அதனை நாம் குறைத்து மதிப்பிடவில்லை. ஆனால் அங்கு எத்தனை ஆண்டு உழைத்தாலும் குடியுரிமை இல்லை. விசா ஒருவர் கையில். வேலையும் அவர் கையில். நவாபின் குதிரை வீரருக்கும் இவருக்கும் இவ்வகையில் வேறுபாடு அதிகமில்லை. 1990இல் குவைத் போரின்போது 1,70,000க்கும் மேற்பட்ட இந்தியர் உடுத்திய துணியோடு அம்மான் வழியே விமானத்தில் மீட்கப்பட்டனர். 2020இல் கொரோனாவின்போதும் திரும்பி வந்தவர்கள் பலர்.

2001 கணக்கெடுப்பில் தமிழ்நாட்டு முஸ்லிம்களின் எழுத்தறிவு 82.9 விழுக்காடு, மாநிலச் சராசரியோ 73.5. எழுதப் படிக்கத் தெரியாத சமுதாயம் அல்ல நம்முடையது. பத்தாம் வகுப்புக்கும் பாஸ்போர்ட்டுக்கும் இடையில்தான் படிப்பு நின்றுவிடுகிறது. 2007 முதல் கிடைத்துவரும் 3.5 விழுக்காடு இடஒதுக்கீட்டைப் பயன்படுத்தவும் பன்னிரண்டாம் வகுப்பைத் தாண்டிய பிள்ளைகள் வேண்டுமே!

ஆகவேதான் வளைகுடாப் பணம் வந்துகொண்டிருக்கும் இந்நாளிலேயே நிர்வாகக் குழு கல்வி நிதியை முன்மொழிகிறது. வெளிநாட்டில் பணிபுரிவோர் உள்ள குடும்பங்கள் தம்மால் இயன்ற தொகையை மாதந்தோறும் செலுத்தலாம். ஜகாத் நிதியோடு இது கலக்கப்படாது. பத்தாம் வகுப்புக்கு மேற்பட்ட படிப்புக்கு மட்டும், ஆண் பெண் வேறுபாடின்றி, அழகிய கடனாக வழங்கப்படும். வேலை கிடைத்த பின்னர்த் தவணையில் திருப்பித் தர வேண்டும். பட்டுத் தொழிலைச் சார்ந்து வாழும் நம் குடும்பங்களிலிருந்து ஆண்டுக்கு ஒருவரையேனும் சேலம் கைத்தறித் தொழில்நுட்பக் கல்லூரிக்கு அனுப்ப வேண்டும் என்பது நம் தனிப்பட்ட வேண்டுகோள். குழுவில் இதற்கு மாற்றுக் கருத்தும் உண்டு. உறுப்பினர்கள் தம் கருத்துகளை எழுத்து மூலம் ஜமாஅத் அலுவலகத்தில் ஒப்படைத்தால், அடுத்த கூட்டத்தில் விதிகள் இறுதி செய்யப்படும்.