மணிக்குப் பிறகு



எங்கள் பங்கு இல்லத்தில் 11 ஆண்டுகள் இருந்த மணி என்ற பூனை, சென்ற கார்த்திகையில் இறந்துபோனது. பூனைக்காக ஒரு மறையுரையா என்று சிலர் சிரிக்கலாம். விவிலியத்திலும் பூனையைக் காண்பது அரிதுதான். பாரூக்கு 6ஆம் அதிகாரத்தில், பாபிலோனியரின் சிலைகள்மேல் வௌவால்களோடு உட்கார்ந்திருக்கிறது. இருந்தாலும் சொல்லியாக வேண்டும். மணி மூப்பினால் சாகவில்லை.

கார்த்திகையில் சம்பா தொண்டைக்கதிரில் நிற்கும். எலி வெட்டுவதும் அப்போதுதான். கோவில் நிலத்தில் திட்டுத்திட்டாகப் பயிர் சாய்ந்ததைப் பார்த்துவிட்டு, வரப்பு முழுதும் எலி மருந்து வைக்கச் சொன்னவர்கள் நாங்கள். மருந்து தின்று தள்ளாடிய எலியை மணி பிடித்திருக்கிறது. விடியலில் கிணற்றடியில் கிடந்தது. சமையல் பார்க்கும் அம்மா பழைய துண்டில் சுற்றி, மாமரத்தடியில் புதைத்தார். எங்களிடம் ஒரு வார்த்தை பேசவில்லை.

ஒரே வாரத்தில், "வேற குட்டி தர்றோம் சாமி" என்று இரண்டு வீடுகளில் சொன்னார்கள். நல்ல மனதோடுதான் சொன்னார்கள். நாங்களும் சரி என்றோம். அந்த அம்மாதான் கேட்டார்: "அதையும் மருந்து வச்சுக் கொல்றதுக்கா சாமி?"

இரண்டாம் சாமுவேல் நூல், 12ஆம் அதிகாரம். இறைவாக்கினர் நாத்தான் தாவீதிடம் ஓர் ஏழையைப் பற்றிச் சொல்கிறார். அவனுக்கு இருந்தது ஒரே ஓர் ஆட்டுக்குட்டி. அவன் உணவில் பங்கு உண்டு, மடியில் தூங்கி, மகளைப்போல வளர்ந்தது. செல்வன் ஒருவன் தன் விருந்தாளிக்காக அதை அடித்துச் சமைத்துவிட்டான். தாவீது கொதித்து, நான்கு மடங்கு திருப்பித் தரவேண்டும் என்கிறார். சட்டப்படி சரியான தீர்ப்பு. ஆனால் நான்கு ஆடு வந்தாலும் மடியில் தூங்கிய ஆடு வருமா?

2018இல் கஜா புயலுக்குப் பின் கறவை மாட்டுக்கு 30,000 ரூபாய், ஆட்டுக்கு 3,000 ரூபாய் என்று நிவாரணம் அறிவித்தார்கள். தேவையான உதவி, குறை சொல்லவில்லை. புது மாட்டைக் கட்டிய பிறகும் செத்த மாட்டின் பெயர் சொல்லி அழுத தாய்மாரை வேதாரண்யம் பக்கம் பார்த்திருக்கிறோம்.

அந்தக் கதையின் செல்வன் தான்தான் என்பது தாவீதுக்குக் கடைசியில்தான் தெரிந்தது. எங்களுக்குச் சமையலறையில் தெரிந்தது.

குட்டி இப்போதைக்கு வேண்டாம் என்று சொல்லிவிட்டு, மருந்தை நிறுத்தினோம். நம் தஞ்சாவூர்க் கிட்டி இருக்கிறதே! மூங்கில் கிட்டியை மாலையில் வரப்போரம் வைத்து, காலையில் எடுத்து, எலிக்கு இவ்வளவு என்று கூலி வாங்கிப்போகும் பெரியவர்கள் இன்னும் ஊரில் இருக்கிறார்கள். ஆந்தை உட்காரக் குச்சிகளும் நட்டோம். கொஞ்சம் பயிர் போகத்தான் செய்தது, போகட்டும்.

தையில், அறுவடை முடிந்த களத்தில், வைக்கோல் போரடியில் ஒரு பூனை குட்டி போட்டது. இரண்டு மாதம் தாயிடம் பால் குடிக்கட்டும் என்று விட்டுவைத்தோம். பங்குனியில் சாம்பல் நிறக் குட்டி ஒன்றை அந்த அம்மாவே முந்தானையில் தூக்கி வந்தார். மூன்று மாதம் ஆனதும் வெறிநோய்த் தடுப்பூசி போட்டாயிற்று.

இதையும் மணி என்றே கூப்பிடலாம் என்று பிள்ளைகள் சொன்னார்கள். வேண்டாம் என்றோம். மணி நெத்திலித் தலைக்கு உயிரை விடும். இது மீனைத் திரும்பியும் பார்ப்பதில்லை, தயிர்சாதம் கேட்கிறது! பெயர் இன்னும் வைக்கவில்லை, 'குட்டி' என்றால் வருகிறது. வரும் கார்த்திகைக்குக் கிட்டி வைக்கும் பெரியவரிடம் இப்போதே சொல்லிவைத்திருக்கிறோம்.