கல்வெட்டில் 400 பேர், நம்ம பூட்டன் பேர் எங்கே?

(தஞ்சை இளைஞர் முகாமில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



பெரிய கோயில் சுவரைப் போய்ப் பாருங்கள். ராஜராஜன் கொண்டுவந்து குடியமர்த்திய 400 தளிச்சேரிப் பெண்டுகளின் பெயர், வந்த ஊர், எந்தத் தெரு, எத்தனையாவது வீடு, ஆண்டுக்கு 100 கலம் நெல் என்ற பங்கு, எல்லாமே கல்லில் இருக்கு. அந்த நெல்லை விளைவித்தவர்கள் பெயர்? அந்தப் பட்டியலில் இல்லை. உங்களில் எத்தனை பேருக்குப் பூட்டன் பெயர் தெரியும்? கையைத் தூக்குங்க பார்ப்போம்!

நம்ம ஏழை சனத்தின் பெயரை ஊர் பேரோடு எழுதிவைத்தது யார் தெரியுமா? கூலிக் கப்பல்காரன். 1860 முதல் 1911 வரை தென்னாப்பிரிக்காவின் நேட்டாலுக்கு 1,52,184 பேர் போனார்கள். பெரும்பகுதி சென்னைத் துறைமுகம் வழியாக. எண், பெயர், அப்பா பெயர், வயது, சாதி, மாவட்டம், தாலுகா, கிராமம், உடம்பில் இருந்த தழும்பு வரைக்கும் பதிவேட்டில் ஏற்றினான். ஆளை அடையாளம் பிடிக்க எழுதினான். அதை வைத்துத்தான் இன்றைக்குக் கொள்ளுப்பேரன்கள் ஊரைத் தேடி வருகிறார்கள். ஜோகன்னஸ்பர்க்கில் பிறந்து, சத்தியாகிரகத்தில் சிறை சென்று, 1914இல் 16 வயதில் உயிர்விட்ட வள்ளியம்மையை, தரங்கம்பாடி பக்கத்துத் தில்லையாடியின் பெயர் சொல்லித்தானே இன்றும் அழைக்கிறோம்!

நாகப்பட்டினத்தில் கப்பலேறி மலாயா தோட்டங்களுக்குப் போனவர்கள் கதை வேறு. கங்காணி ஊருக்கு வந்து ஆள் பிடித்தார். அந்த முறை 1938 வரை நடந்தது. பல குடும்பத்துக்குக் கையில் ஒரு காகிதம்கூட மிஞ்சவில்லை. அதனால்தான் அங்குள்ள பிள்ளைகள் சிலர் டிஎன்ஏ சோதனைக்குப் போகிறார்கள்.

ஒன்றைத் தெளிவாகச் சொல்கிறேன். எச்சிலைக் கொடுத்தால் சோதனை 'தென்னிந்தியா' என்று சொல்லும். 'திருத்துறைப்பூண்டி' என்று சொல்லாது. பூட்டனிடமிருந்து நமக்கு வருவது சுமார் எட்டில் ஒரு பங்குதான். இங்கே இருக்கும் உறவுக்காரரும் சோதித்திருந்தால் மட்டுமே கண்ணி சேரும். அவசரப்பட்டும் கொடுக்காதீர்கள். 2023இல் ஒரு அமெரிக்க நிறுவனத்திடமிருந்து சுமார் 69 லட்சம் பேரின் தகவல் திருடு போனது. 2025இல் அந்த நிறுவனமே திவாலானது.

இன்னொன்று. டிஎன்ஏவைக் காட்டிச் சாதிப் பெருமை பேச வருவான், ஏமாறாதீங்க. ஹைதராபாத், ஹார்வர்டு விஞ்ஞானிகள் சேர்ந்து 2013இல் வெளியிட்ட ஆய்வு சொல்கிறது: சுமார் 4,200 முதல் 1,900 ஆண்டுகளுக்கு முன்பு வரை இந்த நாட்டு மக்கள் பெருமளவு கலந்தார்கள். சொந்தச் சாதிக்குள் மட்டும் கல்யாணம் என்ற பூட்டு அதற்குப் பிறகு விழுந்தது!

ஆகவே நம் கோரிக்கை: எழும்பூர் ஆவணக் காப்பகத்தில் உள்ள குடிபெயர்வுப் பதிவுகளைக் கிராமவாரியாகத் தமிழில் தொகுத்து, இணையத்தில் இலவசமாகத் தர வேண்டும்.

உங்கள் வேலை: இந்த வாரமே வீட்டுப் பெரியவரிடம் உட்காருங்கள். ஐந்து தலைமுறைப் பெயர், பெண்கள் பெயரும் சேர்த்து, குலசாமி, பண்ணை, 'ரஜூலா' கப்பலில் போன சித்தப்பா, எல்லாவற்றையும் குரல் பதிவு செய்யுங்கள். பழைய பாஸ்போர்ட், கடிதம், பட்டா கிடைத்தால் படமெடுத்து வையுங்கள். அந்தப் பாட்டி போய்விட்டால் எந்தச் சோதனைக்கூடமும் அதைத் திருப்பித் தராது.



#நம்வேர்_நம்உரிமை